சிறு திருகும் பெருங்கலமும்

வீட்டுக்குத் தண்ணீர் வரும் குழாயில், சுவரோரம் மண் மூடிய ஒரு மூலையில் ஒரு வால்வு இருக்கும். வீடு கட்டி முடித்த நாளில் அதைத் திறந்துவிட்டுப் போனவர், குழாய் பொருத்திய தொழிலாளி. அதன்பின் பத்து ஆண்டுகளோ பதினைந்து ஆண்டுகளோ அதை எவரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஒருநாள் உள்ளே குழாய் வெடித்துத் தண்ணீர் பீறிடும்போதுதான் அப்படி ஒன்று இருப்பதே நினைவுக்கு வரும். ஓடிச்சென்று திருகினால் அது அசையாது. இரு கைகளாலும் பற்றி முறுக்கினால் தலைப்பிடி மட்டும் கையோடு வந்துவிடும். திறந்த நிலையிலேயே பல்லாண்டு கிடந்த வால்வு, மூட வேண்டிய ஒரே நாளில் மூட மறுத்துவிடுகிறது.

வீட்டில் இதனால் நேரும் இழப்பு, நனைந்த தரையும் சில நூறு ரூபாய்ச் செலவுமே. கடலில் மிதக்கும் கலத்தில் இதே நிகழ்ச்சியின் விலை வேறு. கடல்வரலாற்றைப் படிப்பவர்கள் புயல்களையும் பாறைகளையும் பீரங்கிகளையும் பற்றி நிறையப் படிக்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு திருகு, ஓர் ஆணி, விரல் நுனி அளவுள்ள ஒரு துளை ஆகியவை எத்தனை பெருங்கலங்களின் கதையை முடித்து வைத்தன என்பது குறைவாகவே பேசப்படுகிறது. அவ்வரலாற்றின் சில பக்கங்களை இங்கே புரட்டிப் பார்ப்போம்.

கலத்தில் எதற்குத் துளை?

தண்ணீர் புகாதிருப்பதே கலத்தின் முதற்கடமை. அப்படியிருக்க, அதன் அடிப்பகுதியில் மனிதன் தானே துளையிடுவது ஏன் என்ற ஐயம் எழலாம். கட்டுமரத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. பிணைத்த மரங்களுக்கு இடையே கடல் ஏறும், இறங்கும். உள் என்றும் வெளி என்றும் அங்கே பிரிவில்லை. ஆனால் உள்ளீடுள்ள கலம் பெரிதாகப் பெரிதாக, அதற்குக் கடல்நீரும் வேண்டியதாயிற்று. தளத்தைக் கழுவ நீர், தீயணைக்க நீர், பிற்காலத்தில் எந்திரத்தைக் குளிர்விக்க நீர். ஒவ்வொரு தேவைக்கும் நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு துளை. ஒவ்வொரு துளைக்கும் காவலாக ஒரு திருகு. கடலுக்கும் மனிதனுக்கும் இடையே நிற்கும் கதவு என்றே அதைச் சொல்லலாம்.

அந்தக் கதவு எவ்வளவு முக்கியமானது? ஒன்றரை அங்குல விட்டமுள்ள ஒரு துளை, நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே திறந்து கிடந்தால், நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேற்பட்ட நீர் உள்ளே பாயும். சிறு படகொன்றில் உறங்குபவர் விழித்தெழுவதற்குள் நீர் படுக்கை மட்டத்துக்கு வந்துவிடும். ஒரு கை இறைப்பானால் இதை ஈடுகட்டுவது அரிது.

ஒரு குழாய்த் திருகுக்காகச் சாய்க்கப்பட்ட கப்பல்

1782ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்கு வெளியே, ஸ்பிட்ஹெட் என்னும் நங்கூரத் துறையில் 'ராயல் ஜார்ஜ்' என்ற போர்க்கப்பல் நின்றிருந்தது. 1756இல் வுல்விச் தளத்தில் நீரில் இறக்கப்பட்டபோது உலகின் மிகப் பெரிய போர்க்கப்பல் அதுவே. நூறு பீரங்கிகளைத் தாங்கியது. 1759இல் கிபரோன் விரிகுடாப் போரில் தலைமைக் கப்பலாய் நின்று வென்றது. முற்றுகைக்கு உள்ளாகியிருந்த ஜிப்ரால்டருக்கு உதவச் செல்லும் கடற்படையோடு சேர்வதற்காக அன்று அது ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. புறப்படும் வேளை நெருங்கியதால், மாலுமிகளின் மனைவியரும் குழந்தைகளும் விடைபெற வந்து கப்பலில் நிறைந்திருந்தனர். பண்டம் விற்போரும் ஏறியிருந்தனர்.

இப்பெருங்கலத்தில் ஒரு சிறு பழுது. தளம் கழுவக் கடல்நீரை உள்ளிழுக்கும் குழாயின் திருகு கெட்டிருந்தது. அது வலப்புறத்தில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருந்தது. கப்பலைக் கரைத்தளத்துக்குக் கொண்டுசென்று நீரை வடித்துப் பழுது பார்க்க நேரமில்லை. எனவே அக்கால வழக்கப்படி, நின்ற இடத்திலேயே கப்பலைச் சாய்த்துப் பழுது பார்ப்பது என முடிவாயிற்று. இடப்புறப் பீரங்கிகளை வெளியே தள்ளி, வலப்புறப் பீரங்கிகளை நடுத்தளத்துக்கு இழுத்தார்கள். கலம் இடப்புறம் சாய்ந்தது. வலப்புறத் துளை நீருக்கு மேலே வந்தது. தச்சர்கள் வேலையைத் தொடங்கினர்.

அதே வேளையில் தாழ்ந்திருந்த இடப்புறத்தில் ஒரு சிறுகலம் வந்து அணைந்தது. அதிலிருந்து ரம் நிரம்பிய பீப்பாய்களை ஏற்றலானார்கள். சாய்ந்த பக்கத்தில் மேலும் பாரம் ஏறியது. கீழ்த்தளப் பீரங்கி வாயில்கள் திறந்திருந்தன. அலையெழும்போதெல்லாம் அவற்றின் விளிம்பைக் கடந்து நீர் உள்ளே சிந்தியது. உயிர் தப்பிய மாலுமி ஒருவர் பிற்காலத்தில் சொன்ன விவரம் மனத்தை உறுத்துவது. கீழ்த்தளத்தில் நீர் சேரவே எலிகள் வெளியே ஓடிவந்தனவாம்; மாலுமிகள் அவற்றைத் துரத்தி விளையாடினார்களாம். கப்பலின் தச்சர் மேல்தளத்துக்கு வந்து, கலத்தை நிமிர்த்தச் சொல்லிக் காவல் அதிகாரியிடம் வேண்டினார். சுருக்கென்ற விடையே கிடைத்தது. கீழே சென்று பார்த்தவர் நிலைமை மோசமாவதைக் கண்டு மீண்டும் வந்து சொன்னார். அப்போதும் ஏளனமே விடை. நிமிர்த்தும் ஆணை கடைசியில் பிறந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. கலம் இடப்புறமாய்ப் புரண்டு, சில நிமிடங்களில் நீருக்குள் அமிழ்ந்தது.

தளபதி ரிச்சர்ட் கெம்பன்ஃபெல்ட் தமது அறையில் இருந்தவாறே மூழ்கினார். எண்ணூறு பேருக்கு மேல் மாண்டனர். விருந்தினராய் வந்தவர்களின் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லாததால் சரியான தொகை எவருக்கும் தெரியாது. மீண்டவர் ஏறத்தாழ 250 பேர். அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. வைட் தீவின் ரைடு கரையில் ஒதுங்கிய உடல்கள் அங்கேயே புதைக்கப்பட்டன.

அடுத்த மாதம் இராணுவ நீதிமன்றம் கூடியது. கப்பலின் சட்டமரங்கள் உளுத்துப் போயிருந்தன, அவற்றுள் ஏதோ ஒன்று முறிந்ததே காரணம் என்று முடிவு செய்து, உயிர் தப்பிய அதிகாரிகளையும் மாலுமிகளையும் அது விடுவித்தது. பிற்கால ஆய்வாளர் பலர், திறந்த பீரங்கி வாயில்கள் வழியே புகுந்த நீரே போதிய காரணம் என்று கருதுகின்றனர். எது உண்மையாயினும் ஒன்று தெளிவு. உளுத்த மரம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது. தச்சரின் இரு எச்சரிக்கைகளும் தீர்ப்பில் எடைபெறவில்லை. நீரில் கிடந்த அக்கலத்தைக் கர்னல் சார்லஸ் பாஸ்லி 1839 முதல் 1843 வரை வெடிமருந்தால் தகர்த்து அகற்றினார். அதிலிருந்து மீட்ட வெண்கலப் பீரங்கிகளின் உலோகம், இலண்டனில் நெல்சன் நினைவுத்தூணின் உச்சி அணியாக வார்க்கப்பட்டது. நெல்சனை அண்ணாந்து பார்ப்போருள், ஒரு குழாய்த் திருகுக்காகச் சாய்க்கப்பட்ட கப்பலை நினைப்பவர் எத்தனை பேர்?

செம்பும் இரும்பும் சந்தித்தபோது

திருகு ஏன் இறுகுகிறது, உலோகம் ஏன் அரிக்கிறது என்பது அக்காலத்தில் எவருக்கும் விளங்கவில்லை. ஆயினும் விடைக்கான முதல் தடயம் அதே நூற்றாண்டில் கிடைத்திருந்தது.

வெப்பக் கடல்களில் கப்பற்புழு மரத்தைத் துளைத்துத் தின்றது. பாசியும் சிப்பியும் அடியில் ஒட்டி வேகத்தைக் கெடுத்தன. இவற்றைத் தடுக்க ஆங்கிலேயக் கடற்படை 1761இல் 'அலாரம்' என்ற கப்பலின் அடிப்பகுதி முழுவதும் மெல்லிய செப்புத்தகடு வேய்ந்து மேற்கிந்தியக் கடலுக்கு அனுப்பியது. 1763இல் கலத்தைச் சோதித்தவர்கள் முதலில் மகிழ்ந்தார்கள். செம்பு வேய்ந்த இடத்தில் புழுவும் இல்லை, சிப்பியும் இல்லை. அடுத்து ஆணிகளைப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பாணிகள் பசைபோல் கரைந்திருந்தன. ஆனால் சில ஆணிகள் மட்டும் புத்தம் புதியனவாய் இருந்தன. காரணம் தேடியபோது, செப்புத்தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புத்தாள் அவ்விடங்களில் கிழித்தெறியப்படாமல் தகட்டுக்கும் ஆணிக்கும் நடுவே தங்கியிருந்தது தெரிந்தது. சோம்பலால் விடப்பட்ட ஒரு காகிதம் செய்த அறிவியல் சோதனை அது!

செம்பும் இரும்பும் கடல்நீரில் ஒன்றையொன்று தொடலாகாது என்ற பாடம் அன்றே எழுத்தில் பதிவாயிற்று. ஆனால் பாடம் பதிவாவதும் பின்பற்றப்படுவதும் ஒன்றல்லவே. அமெரிக்க விடுதலைப் போரின் நெருக்கடியில், 1779 முதல் கப்பல்கள் பலவற்றுக்கும் அவசர அவசரமாகச் செம்பு வேயப்பட்டது. உள்ளே இருந்த இரும்பாணிகள் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்தன. 1780களில்தான் செம்புக் கலவையாலான வலிய ஆணிகள் வந்து இரும்பை அகற்றின.

ஏன் இப்படி நிகழ்கிறது என்ற கேள்விக்கு விடை, கடலோடு தொடர்பே இல்லாத ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. இத்தாலியில் போலோஞா நகரின் லூயிஜி கால்வானி, இரு வேறு உலோகங்கள் தொட்டபோது இறந்த தவளையின் கால் துடிப்பதைக் கண்டு 1791இல் நூலாக வெளியிட்டார். அத்துடிப்பின் காரணம் தவளையில் இல்லை, இரு உலோகங்களின் சேர்க்கையில் உள்ளது என்று வாதிட்டார் கோமோ நகரத்து அலெசாந்திரோ வோல்டா. 1800இல் அவர் துத்தநாகத் தகட்டையும் வெள்ளித் தகட்டையும் மாறி மாறி அடுக்கி, இடையே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்து மின்னோட்டத்தை உண்டாக்கிக் காட்டினார். உலகின் முதல் மின்கலம் பிறந்தது. செப்புத்தகடும் இரும்பாணியும் இடையே உப்புநீரும் கொண்ட கப்பலின் அடி, எவரும் அறியாமல் கட்டிய ஒரு மாபெரும் மின்கலமே என்பது இதனால் விளங்கிற்று. மின்கலத்தில் ஓர் உலோகம் கரைந்தே தீரும். இங்கே கரைந்தது இரும்பு.

டேவியின் வெற்றியும் தோல்வியும்

சுரங்கத் தொழிலாளருக்குக் காப்பு விளக்குத் தந்த ஹம்ப்ரி டேவியிடம் கடற்படையினர் 1823இல் ஒரு கேள்வி கொண்டுவந்தனர்: செப்புத்தகடுகள் விரைவில் தேய்வதைத் தடுப்பது எப்படி? டேவி வோல்டாவின் தத்துவத்தைத் தலைகீழாய்த் திருப்பினார். செம்போடு சேர்ந்தால் இரும்பு கரையுமாயின், வேண்டுமென்றே ஒரு துண்டு இரும்பையோ துத்தநாகத்தையோ செம்போடு சேர்த்து வைப்போம். அது கரையட்டும், செம்பு பிழைக்கட்டும். செம்புப் பரப்பில் நாற்பதில் ஒரு பங்கு முதல் நூற்றைம்பதில் ஒரு பங்கு அளவுள்ள சிறு துண்டே போதும் என்று 1824இல் இராயல் கழகத்தில் அறிவித்தார். அவருக்கு உதவியாய் நின்றவர் மைக்கேல் ஃபாரடே.

சோதனைக்கு எடுத்த கப்பல்களுள் ஒன்று 'சமராங்'. நம் அண்டைக் கடற்கரையாகிய கொச்சியில் கட்டப்பட்டு 1822இல் நீரில் இறங்கிய கலம் அது. டேவி சொன்னபடியே செம்பு தேயவில்லை. ஆனால் எவரும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. காக்கப்பட்ட கப்பல்களின் அடியில் பாசியும் சிப்பியும் அடர்ந்து ஒட்டின. அவை ஊர்ந்துதான் செல்ல முடிந்தது. செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து நீரில் கலந்த நஞ்சே அதுவரை உயிரினங்களை அண்டவிடாமல் காத்திருந்தது. கரைவதை நிறுத்தியதும் காவலும் நின்றுபோயிற்று. தேய்ந்ததனால்தான் செம்பு காத்தது. தேயாத செம்பு வெறும் தகடு. 1825இல் காப்புத் துண்டுகளை அகற்ற ஆணை பிறந்தது. டேவி நகையாடப்பட்டார்.

ஆனால் அவர் கண்ட உண்மை அழியவில்லை. இரும்பாலும் எஃகாலும் கப்பல் கட்டும் காலம் வந்தபோது அது உயிர்பெற்றது. இன்று எஃகுக் கப்பல்களின் அடியிலும், படகுகளின் விசிறித் தண்டிலும், கடலுக்குள் செல்லும் குழாய்களிலும் துத்தநாகக் கட்டியோ அலுமினியக் கட்டியோ பொருத்தப்படுகிறது. மற்றதைக் காக்கத் தான் கரைவதே அதன் வேலை. பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். மாற்ற மறந்தால், கடல் அடுத்ததாகத் திருகையும் தண்டையும் அரிக்கத் தொடங்கும்.

உருவம் மாறாமல் உள்ளே செத்த பித்தளை

1832இல் பர்மிங்காமைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபிரெடெரிக் மண்ட்ஸ் செம்பு அறுபது பங்கு, துத்தநாகம் நாற்பது பங்கு கொண்ட ஒரு பித்தளைக்குக் காப்புரிமை பெற்றார். செம்பைவிட மலிவு, வேலைப்பாட்டுக்கு எளிது. 1869இல் கட்டப்பட்ட புகழ்பெற்ற 'கட்டி சார்க்' பாய்க்கப்பலின் அடி இவ்வுலோகத்தாலேயே வேயப்பட்டது. குழாய்களும் திருகுகளும் இவ்வகைப் பித்தளையில் பெருகின.

பித்தளைக்கு ஒரு மறைவான நோய் உண்டு. உப்புநீரில் நெடுநாள் கிடந்தால், அதிலுள்ள துத்தநாகம் மட்டும் கழன்று நீரில் கரைந்துவிடும். எஞ்சுவது கடற்பஞ்சுபோல் நுண்துளைகள் நிறைந்த செம்பு. வியப்பு என்னவெனில், வடிவம் அப்படியே இருக்கும். அளவு அப்படியே இருக்கும். மரைகள்கூடத் தெளிவாய்த் தெரியும். மஞ்சள் நிறம் மங்கி இளஞ்சிவப்பாவது ஒன்றே அடையாளம். நம் வீட்டுப் பித்தளைக் குடத்தில் களிம்பேறினால் புளியிட்டுத் தேய்க்கிறோம், பளபளக்கிறது. ஏனெனில் அந்த அழுக்கு மேற்புறத்தது. இந்த நோயோ உட்புறத்தது. எவ்வளவு தேய்த்தாலும் தீராது. ஒருநாள் கை சற்று அழுத்தித் திருப்பும்போது பிஸ்கோத்துப்போல் உடைந்து விழும்.

பிற்காலத்தவர் இதற்கும் மருந்து கண்டனர். மிகச் சிறிதளவு ஆர்செனிக் சேர்த்தால் பொதுவகைப் பித்தளை சிலவற்றில் இந்நோய் அடங்குகிறது. செம்போடு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம் இதனினும் உறுதியானது. ஆயினும் கடைகளில் எல்லாம் ஒரே மஞ்சள் நிறத்தில் பளபளப்பதால், வீட்டுக்குரிய மலிவான பித்தளைத் திருகைப் படகில் பொருத்திவிடும் தவறு இன்றும் நிகழ்கிறது.

ஒரு துளி பூச்சு

நீர் வராததைக் கண்டு, நீர் இல்லை என்று நம்பியதால் நேர்ந்த துயரம் ஒன்று உண்டு. 1939ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், லிவர்பூல் விரிகுடாவில் 'தெட்டிஸ்' என்ற புதிய நீர்மூழ்கிக் கப்பல் முதன்முறையாக முழுமையாய் மூழ்கிச் சோதனை செய்யப் புறப்பட்டது. வழக்கமாக ஐம்பது சொச்சம் பேர் செல்லும் கலத்தில் அன்று 103 பேர் இருந்தனர். பாதிப்பேர் கப்பல் கட்டிய தொழிலாளரும் பார்வையாளரும் ஆவர்.

பிற்பகலில் மூழ்க முயன்றபோது கலம் எதிர்பார்த்ததைவிட இலேசாய் இருந்தது, மூழ்கவில்லை. முன்பக்கக் குண்டுக் குழல்களில் நிரம்பியிருக்க வேண்டிய நீர் நிரம்பவில்லையோ என்று ஐயுற்றனர். ஒவ்வொரு குழலின் உட்கதவிலும் ஒரு சிறு சோதனைத் திருகு உண்டு. அதைத் திறந்தால் உள்ளே நீர் இருந்தால் பீச்சும். இல்லையேல் குழல் வறண்டது என்று பொருள். ஐந்தாம் குழலின் திருகைத் திறந்தார் அதிகாரி. ஒரு சொட்டும் வரவில்லை. குழல் வறண்டது என்று கொண்டு உட்கதவைத் திறக்கச் செய்தார். ஆனால் அக்குழலின் வெளிக்கதவு கடலுக்குத் திறந்திருந்தது. உட்புறம் எனாமல் பூசியபோது ஒரு துளி, அந்தச் சிறு துளையை அடைத்துக் காய்ந்துவிட்டிருந்தது. கடல் முழுவதும் அந்தப் பூச்சுத் துளிக்குப் பின்னால் காத்திருந்தது. துளையைக் குத்திப் பார்க்க ஒரு சிறு கம்பி அக்கதவிலேயே இருந்தும், அது அன்று பயன்படுத்தப்படவில்லை.

கலம் மூக்கு கீழாய் ஏறத்தாழ 150 அடி ஆழத்தில் சேற்றில் குத்தி நின்றது. மறுநாள் காலையில் அதன் வால் நீருக்கு மேலே எழுந்து நின்றது. மீட்புக் கப்பல்கள் கண்ணெதிரே வந்து நின்றன. ஆயினும் நால்வரே தப்பும் அறை வழியே வெளியேறினர். இரட்டைத் தொகையினர் ஒரே காற்றைச் சுவாசித்ததால் அது விரைவில் நஞ்சாயிற்று. 99 பேர் மாண்டனர். தப்பியவர்களுள் அந்தத் திருகைத் திறந்த அதிகாரியும் ஒருவர்.

மாண்டோரின் மனைவியர் தொடுத்த வழக்கு இங்கிலாந்தின் மேல்சபை வரை சென்றது. எவர் மீதும் குற்றம் நிறுவப்படவில்லை என்று 1946இல் தீர்ப்பாயிற்று. ராயல் ஜார்ஜுக்குப் பின் 164 ஆண்டுகள் கழித்தும் அதே முடிவு: இத்தனை பேர் இறந்தார்கள், பொறுப்பாளி எவருமில்லை. பூசியவர் பூசினார், சோதித்தவர் சோதித்தார், மேற்பார்வையிட்டவர் கையெழுத்திட்டார். ஒவ்வொருவரும் தத்தம் பங்கைச் செய்தார்கள். துளை மட்டும் திறக்கவில்லை. மீட்கப்பட்ட கலம் 'தண்டர்போல்ட்' எனப் பெயர் மாறிப் போருக்குச் சென்று, 1943 மார்ச்சில் சிசிலிக்கு அருகே எல்லோருடனும் மூழ்கியது. அத்துயரத்துக்குப் பின் நீர்மூழ்கிகளின் குழல் உட்கதவுகளில், சிறிதளவே திறந்து நீர் வருகிறதா என்று பார்க்கவிடும் ஒரு கொளுக்கி பொருத்தப்பட்டது. தெட்டிஸ் கொளுக்கி என்றே அதற்குப் பெயர்.

பாடம் சட்டமானபோது

1963 ஏப்ரல் 10ஆம் நாள் அமெரிக்காவின் அணுசக்தி நீர்மூழ்கி 'திரெஷர்' அட்லாண்டிக் கடலில் 129 பேருடன் நொறுங்கியது. விசாரணைக் குழு கருதிய காரணம், எந்திர அறையில் கடல்நீர்க் குழாயின் ஓர் இணைப்பு விட்டது என்பதே. உந்துவிசை நின்றது. மேலெழ வேண்டித் தொட்டிகளுக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தியபோது, அதிலிருந்த ஈரம் வால்வுகளின் வடிகட்டிகளில் பனிக்கட்டியாய் உறைந்து வழியை அடைத்தது. முந்திய பழுதுபார்ப்பின்போது 145 இணைப்புகளை ஒலியலையால் சோதித்ததில் நூற்றுக்குப் பதினான்கு தரம் குறைந்தவை எனத் தெரிந்திருந்தது. சோதிக்கப்படாத இணைப்புகளோ அவற்றினும் மிகப் பல. கலம் குறித்த நாளில் கடலுக்குச் சென்றாக வேண்டும் என்ற அவசரம் வென்றது.

ஆனால் இம்முறை ஒரு மாற்றம். அதே ஆண்டு டிசம்பரில் 'சப்சேஃப்' என்ற கட்டாயத் திட்டம் பிறந்தது. கடலைத் தொடும் ஒவ்வொரு குழாய்க்கும் வால்வுக்கும் இணைப்புக்கும், அது எந்த உலோகம், யார் பொருத்தினார், யார் சோதித்தார் என்ற எழுத்துச் சான்று வேண்டும். சான்று இல்லையேல் கலம் மூழ்கக் கூடாது. 1968இல் மூழ்கிய 'ஸ்கார்ப்பியன்' அச்சான்று பெறாதது. சான்று பெற்ற நீர்மூழ்கி ஒன்றுகூட அதன்பின் இழக்கப்படவில்லை. இறந்தவர்களுக்குச் செலுத்தப்பட்ட மெய்யான அஞ்சலி அதுவே எனலாம்.

கடலோடிகளின் சிறு ஒழுக்கம்

இந்தப் பெருங்கதைகளிலிருந்து சிறு படகுக்காரர்கள் சில எளிய வழக்கங்களைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். முதலாவது, திருகை அடிக்கடி மூடித் திறப்பது. பழுது இருப்பதால் அன்று, பழுது வராதிருக்க. அசையும் உலோகத்தில் உப்பும் சிப்பியும் குடியேறுவது கடினம். இரண்டாவது, ஆண்டுக்கொரு முறை படகைக் கரையேற்றிப் பழைய கூம்புத் திருகுகளைக் கழற்றித் துடைத்து மசகு பூசுவது.

மூன்றாவது, இறுகிய திருகோடு மல்லுக்கு நிற்காதது. நீண்ட கம்பியைப் பிடியில் மாட்டி நெம்பினால் திருகு திரும்பும் என்று எண்ணுவோம். உள்ளே செத்த பித்தளை நீரின் கீழே முறிந்துவிட்டால் படகு போயிற்று. எனவே கரையில் வைத்தே கைவைக்க வேண்டும். மசகெண்ணெய் விட்டு ஓரிரவு பொறுத்து, வெளிக்கூட்டை இதமாகச் சூடாக்கி, மயிரிழை அளவு முன்னும் பின்னுமாய் அசைத்து அசைத்துப் பொறுமையாய் விடுவிப்பார்கள். விடாவிட்டால் மாற்றிவிடுவார்கள். நான்காவது வழக்கம் எனக்கு மிகப் பிடித்தது. ஒவ்வொரு திருகின் பக்கத்திலும் அதன் துளைக்குப் பொருந்தும் கூம்பு வடிவ மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். எல்லாம் பொய்த்த நாளில் அதை அடித்து இறுக்கினால், மரம் நீரில் ஊறி உப்பித் துளையை அடைத்துக்கொள்ளும். இத்தனை உலோகவியலுக்குப் பின்னரும், கடைசிக் காவல் ஒரு மென்மரத் துண்டே.

நம் கடற்கரைகளிலும் கட்டுமரத்தின் இடத்தை விசைப்படகுகள் பெருமளவு பிடித்துக்கொண்டன. உட்பொருத்திய எந்திரமுள்ள படகின் அடியில், கடல்நீர் கொண்டு எந்திரம் குளிரும் இடங்களில் எல்லாம், இப்படியொரு கதவு இருக்கிறது. அதைக் கடைசியாக எவர் திருகிப் பார்த்தார் என்ற கேள்வி, கரையில் காத்திருக்கும் குடும்பத்துக்கும் உரியதுதான்.

இக்கதைகளில் வருவோர் எவரும் தீயோர் அல்லர் என்பதே நம்மை உறங்கவிடாத செய்தி. ஸ்பிட்ஹெட்டின் அதிகாரி கொலைகாரர் அல்லர். ஒரு தச்சரின் சொல்லைக் கேட்க அவருக்குப் பொறுமை இல்லை, அவ்வளவே. அவர் இரண்டாம் முறை வந்தபோதாவது கீழே இறங்கிப் பார்த்திருக்கலாம். லிவர்பூலில் ஒரு கம்பியால் ஒருமுறை குத்திப் பார்த்திருக்கலாம். திரெஷரில் எஞ்சிய இணைப்புகளையும் சோதித்திருக்கலாம். ஒவ்வொன்றும் சில நிமிடங்களின், அல்லது சில நாள்களின் வேலை.

இக்கட்டுரையை எழுதி முடித்ததும் சுவரோரத்து மண்ணை விலக்கி, எங்கள் வீட்டு வால்வைத் திருகிப் பார்த்தேன். முதலில் அசையவில்லை. எண்ணெய் விட்டு மறுநாள் மீண்டும் முயன்றேன். சற்றே முனகி, கால்வட்டம் திரும்பியது.